போனை காது மாற்றிப் பேசிப் பாருங்கள்... ஒரு பக்கம் மட்டும் கேட்கலையா?

கோம்பைன்னாலே நாய்தான் ஞாபகத்துக்கு வரும். சின்னச் சத்தத்துக்கும் உஷாராகிற காவல்காரன். நம்ம காது அவ்வளவு உஷாரா இருக்கா?

இன்று போன் பேசும்போது வழக்கமான காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிப் பாருங்கள். 'சிக்னல் சரியில்லையோ'ன்னு தோணுதா? குறை காதிலும் இருக்கலாம்.

பெரும்பாலும் அழுக்கு, சளி போன்ற சாதாரண காரணங்கள்தான். அரிதாக, 'அக்கூஸ்டிக் நியூரோமா' என்ற கட்டி. ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு வருகிறது. இது புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும். காது இரைச்சலும் நடையில் தள்ளாட்டமும் கூடவே வரலாம்.

மூன்று நரம்பு, ஒரே பாதை

உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் எலும்புப் பாதையின் நீளம் சுமார் 1 செ.மீ. கேட்கும் நரம்பு, சமநிலை நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு மூன்றும் அதில்தான் போகின்றன. கட்டி உருவாவது சமநிலை நரம்பின் உறையில். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் இன்னும் ஒருத்தர் ஏறினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் பக்கத்து நரம்புகள் நசுங்கும். முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் கேட்கும் திறன்.

ஆபரேஷனில் என்ன சவால்?

கட்டியை எடுப்பதைவிட, அதில் ஒட்டியிருக்கும் நரம்புகளைக் காப்பதுதான் கஷ்டம். அதனால் முகத் தசைகளில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்துவார்கள். கருவி முகநரம்பைச் சீண்டினால் உடனே எச்சரிக்கை வரும். கேட்கும் நரம்பையும் காதுக்குள் ஒலி கொடுத்துக் கண்காணிக்கலாம்.

கட்டி சுமார் 1.5 செ.மீ-க்குள் இருந்து, காதும் ஓரளவு நன்றாகக் கேட்டால், செவித்திறனைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் உத்தரவாதம் இல்லை. பெரிய கட்டி என்றால் முகநரம்புக்கே முன்னுரிமை. அதைக் காக்க கட்டியில் கொஞ்சத்தை விட்டுவைப்பதும் உண்டு. சின்னக் கட்டிகள் எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை. எம்.ஆர்.ஐ எடுத்துக் கண்காணிப்பதும், கதிர்வீச்சு சிகிச்சையும் இருக்கின்றன.

'ஹல்க்' நடிகர் மார்க் ரஃபலோவுக்கு இந்தக் கட்டி 2001-ல் கண்டறியப்பட்டது. ஆபரேஷனுக்குப் பின் முகத்தின் இடப்பக்கம் செயலிழந்து, சுமார் ஒரு வருடத்தில் சரியானது. இடது காதின் கேட்கும் திறன் மட்டும் திரும்பவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு காது மட்டும் மந்தமானால் இ.என்.டி மருத்துவரிடம் ஆடியோகிராம் எடுங்கள். கோம்பை பக்கத்தில் இருப்பவர்களுக்கு க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டு காதுக்கும் வித்தியாசம் தெரிந்தால், எம்.ஆர்.ஐ தேவையா என்று கேளுங்கள். திடீரென ஒரு காது அடைத்துப்போனால் அன்றைக்கே கிளம்புங்கள். 'தானா சரியாயிடும்'னு காத்திருக்கிற நாள்களில், மீட்க முடிகிற காதையும் இழந்துவிடலாம்!