எல்லை கடந்த குற்றக்குழுக்கள் பற்றிய திறந்தமூல ஆய்வு

எல்லை கடந்த குற்றக்குழுக்கள் பற்றிய திறந்தமூல ஆய்வு என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்கும் குற்றக்குழுக்களை நாளிதழ்ச் செய்திகள், நீதிமன்ற ஆவணங்கள், நிறுவனப் பதிவேடுகள் முதலிய பொதுத் தகவல்களைக் கொண்டு ஆராயும் முறையாகும். மென்பொருள் துறையில் வழங்கும் திறந்தமூலம் வேறு; இங்கு அச்சொல் எவரும் பார்க்கக்கூடிய தகவலைக் குறிக்கிறது. காவல்துறையின் மறைவுக் கோப்புகள் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு எளிதில் கிட்டாமையால் இம்முறை பயன்படுகிறது. சிசிலிய மாஃபியா பற்றித் தியேகோ கம்பெத்தா 1993 இல் வெளியிட்ட நூல், குழுவிலிருந்து விலகியோர் அளித்த வாக்குமூலங்களைப் பெரிதும் சார்ந்தது.

மெக்சிக்கோ ஆய்வு

ஐக்கிய அமெரிக்காவுக்குப் போதைப்பொருள் கடத்தும் மெக்சிக்கோக் குழுக்கள் எவ்வெவ்வூர்களில் இயங்கின என்பதை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேலே கோசியா, விரிதியானா ரியோசு ஆகியோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு வரைபடமாக்கியது. மெக்சிக்கோவில் சுமார் 2,450 நகராட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றின் பெயரும் குழுக்களின் பெயர்களோடு சேர்ந்து எத்தனை செய்திகளில் வருகிறது என்பது கூகுள் செய்தித் தேடலின் வழியே ஆண்டுவாரியாக எண்ணப்பட்டது. பெருநகரங்களின் பெயர் எல்லாவகைச் செய்திகளிலும் அடிபடும். ஆகவே, தற்செயலாக நிகழக்கூடிய அளவை மிஞ்சிய இணைவுகள் மட்டும் புள்ளியியல் முறையில் பிரித்தெடுக்கப்பட்டன. தொடக்கத்தில் ஓர் ஊரில் ஒரு குழு என்றிருந்த நிலை மாறி, 2000களின் பிற்பகுதியில் பல குழுக்கள் ஒரே ஊரில் மோதிக்கொண்டதை வரைபடம் காட்டியது.

செய்தி இல்லாத ஊர்கள்

இம்முறையின் பெரிய இடர், செய்தியே எழுதப்படாத ஊர்களாகும். டெக்சாசு எல்லையிலுள்ள நுவேவோ லரேடோ நகரின் 'எல் மஞானா' நாளிதழ் அலுவலகம் 2006 பெப்ரவரியில் துப்பாக்கியாலும் கையெறி குண்டாலும் தாக்கப்பட்டது. செய்தியாளர் ஒருவர் படுகாயமுற்றார். 2012 மே மாதம் மீண்டும் தாக்கப்பட்டபின், குழுக்களின் மோதல்களைப் பற்றிய செய்திகளை இனி வெளியிடுவதில்லை என அவ்விதழ் அறிவித்தது. செய்திகளை மட்டும் எண்ணும் கணினிக்கு இத்தகைய ஊர் அமைதியானதாகவே தோன்றும். குழுவின் பிடி முற்றும் இடத்தில்தான் செய்தி குறைகிறது என்பதால் இதனைச் சிறு பிழையென ஒதுக்க இயலாது. இவ்வாய்வுகளுக்கு வேண்டிய செய்திகளை எழுதியோர் பலர் உயிரிழந்துள்ளனர். சினலோவாவின் 'ரியோதோசே' இதழை நிறுவியவர்களுள் ஒருவரான ஆவியர் வால்தெசு 2017 மே 15 அன்று குலியாக்கான் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறுபுறம், பெயர் வந்த இடமெல்லாம் குழு இருந்தது எனவும் கொள்ளலாகாது. அச்சுறுத்திப் பணம் பறிக்கும் உள்ளூர்க் கும்பல்கள் 'செத்தாசு' போன்ற பெருங்குழுக்களின் பெயரைச் சொல்லிக்கொள்வதுண்டு.

எனவே செய்தி எண்ணிக்கையை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுவது பயன் தரும். மெக்சிக்கோவின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் கொலை இறப்புகளை நகராட்சிவாரியாக வெளியிடுகிறது. கொலைகள் மிகுந்தும் செய்திகள் குறைந்தும் காணப்படும் ஊரே முதலில் ஐயுறத்தக்கது.