மலக்குடல் புற்றுநோய்: உறுப்பைக் காக்கும் சிகிச்சை யாருக்கு?

புது தில்லி: மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும், "வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்குமா?" என்பதே நோயாளிகள் பலரின் முதல் கேள்வி. நோய் எந்தக் கட்டத்தில், எந்த இடத்தில் கண்டறியப்படுகிறது என்பதைப் பொருத்தே அதற்கு விடை அமைகிறது.

மலக்குடலையும் அதைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவையும் நிணநீர்க் கணுக்களுடன் முழுமையாக அகற்றும் முறையை பிரிட்டன் நிபுணர் பில் ஹீல்ட் 1982-ல் விளக்கினார். நோய் அதே இடத்தில் திரும்புவது இதனால் வெகுவாகக் குறைந்தது. ஆனால், பின்விளைவுகள் சாதாரணமானவையல்ல. மலம், சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்திய வாழ்விலும் கோளாறுகள் ஏற்படலாம். சிலருக்குப் பை நிரந்தரமாகிவிடும்.

அதே காலகட்டத்தில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் பூஸ், மலவாய் வழியே கருவியைச் செலுத்திக் கட்டியை மட்டும் வெட்டியெடுக்கும் முறையை உருவாக்கினார். வயிற்றில் கீறல் இல்லை, மலக்குடலும் தப்புகிறது. ஆனால் நிணநீர்க் கணுக்களும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. குடல் சுவரின் தசையை எட்டாத ஆரம்பக் கட்டிகளிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அக்கணுக்களில் நோய் பரவியிருக்கக்கூடும்.

பிரிட்டனில் 'டிரெக்' ஆய்வு இதற்கொரு நடுவழியைச் சோதித்தது. 55 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு முழு அறுவைச் சிகிச்சை. மற்றவர்களுக்குக் குறுகிய காலக் கதிர்வீச்சும், சில வாரங்கள் கழித்துக் கட்டியை மட்டும் அகற்றும் சிகிச்சையும். 2021-ல் வெளியான முடிவின்படி, இரண்டாம் பிரிவின் 27 பேரில் 19 பேருக்கு மலக்குடல் காக்கப்பட்டது. எண்ணிக்கை சிறியது என்பதால், ஆயுள்காலம் பற்றி இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது.

லேப்ராஸ்கோப்பியையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர். மலக்குடல் புற்றுநோய்க்கான லேப்ராஸ்கோப்பியில் கீறல்தான் சிறியது. அகற்றப்படும் உறுப்பின் அளவு குறைவதில்லை. மருத்துவமனை விளம்பரங்கள் இதைச் சொல்வது அரிது.

இந்தியாவின் நிலை வேறு. மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று கருதி மாதக்கணக்கில் மருந்து உண்பவர்கள் ஏராளம். மத்திய அரசின் புற்றுநோய் முன்பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றே இடம்பெற்றுள்ளன. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. ஆனால் கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டவர், பல ஆண்டுகள் எண்டோஸ்கோப்பி, எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளுக்கு வந்தாக வேண்டும். பிகாரிலிருந்து ரயிலேறி தில்லி எய்ம்ஸ் வாசலில் காத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு அது எளிதன்று. ஊரிலேயே தொடர் பரிசோதனைக்கு வழியில்லாவிட்டால், முழு அறுவையே பாதுகாப்பு என்று மருத்துவர் முடிவெடுக்க நேரிடும்.

மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகள் பலவற்றை விரல் பரிசோதனையிலேயே உணர்ந்துவிடலாம். அதற்கு ஒரு கையுறை போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம்.