இட்லிப் பானைக்குள் ஒரு மழை



“நானே அஞ்சாவது தாண்டல. ஏழாவது படிக்கிற புள்ளைக்கு நீர்ச் சுழற்சியை எப்படிம்மா சொல்லித்தர்றது?” என்று ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். அடுப்படி போதும் அக்கா!

இட்லிப் பானை கொதிக்கும்போது மூடியை நீங்களே எடுத்துக் காட்டுங்கள். சுடும், பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். தண்ணீர் ஆவியாகி மேலே போகிறது. மூடியில் பட்டுக் குளிர்ந்து துளியாகிறது. சாய்த்தால் சொட்டுகிறது. வெளியிலும் இதேதான். அடுப்புக்குப் பதில் சூரியன், பானைக்குப் பதில் கடலும் ஏரியும். மேலே போகப் போக காற்று குளிர்வதால் ஆவி மேகமாகி மழையாகிறது.

அடுத்து, சிமெண்ட் வாசலில் ஒரு சொம்பு, செடிப் பாத்தியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எது ஓடுது, எது மண்ணுக்குள்ள இறங்குது என்று பிள்ளையே சொல்லட்டும்.

நம்ம திருத்தணிப் பக்கம் பெய்து ஓடும் மழை நந்தியாறு, கொசஸ்தலை ஆறு, பூண்டி ஏரி வழியாக எண்ணூரில் கடலைச் சேர்கிறது. மண்ணில் இறங்கியதுதான் நம்ம கிணற்றுக்கும் போருக்கும்!

2003-ல் தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. உங்கள் வீட்டுக் குழி இப்போது குப்பை அடைத்துக் கிடக்கிறதா? ஐப்பசி மழைக்கு முன்னால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், சுத்தம் செய்யுங்கள். பிள்ளைக்குப் பாடம் புரியும், நமக்குத் தண்ணீர் மிஞ்சும்.