ஊட்டச்சத்தியல் பயில விரும்புவோர்க்கு



தலைநகரில் நான் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கிவிட்ட குடும்பம் ஒன்று உண்டு. அக்குடும்பத்துப் பெண் விலங்கியலில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவள். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவு வகுத்துக் கொடுக்கும் பணியில் அமர வேண்டும் என்பது அவள் அவா. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊட்டச்சத்தியல் எம்.எஸ்ஸி. வகுப்பில் சேர விண்ணப்பம் செய்தாள். நுழைவுத் தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்றாள். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நாளன்று, மனையியலோ உணவியலோ பயின்ற பட்டதாரிகளுக்கே அவ்வகுப்பில் இடமுண்டு என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓர் ஆண்டு வீணாயிற்று. கல்லூரியார் மீது குற்றமில்லை. அவ்விதி தகவல் ஏட்டில் தெளிவாகவே இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். கலைப் பட்டதாரியான எனக்கு, அறிவியல் என்றால் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம். நாள்தோறும் அரசாங்க அறிவிக்கைகளை மொழிபெயர்த்துச் சம்பளம் பெறுபவன், அண்டை வீட்டுப் பெண்ணுக்கு வேண்டிய அறிவிக்கையை மட்டும் முழுதும் படிக்கவில்லை.

அதன் பின்னர் இப்படிப்பைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இன்று சொல்ல வந்தேன்.

இத்துறையின் பிறப்பிடங்களுள் ஒன்று நம் நீலகிரி என்பதைப் பலர் அறியார். 1918ஆம் ஆண்டு குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், சர் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வாராய்ச்சிக்கூடமே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்தவர். 528 உணவுப் பொருள்களில் எவ்வெச்சத்து எவ்வளவு என்று அளந்து கூறும் அட்டவணையை 2017இல் வெளியிட்டதும் இந்நிறுவனமே.

பெரிபெரி என்பது தயமின் எனப்படும் பி1 வைட்டமின் குறைவால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோய். அந்தச் சத்து அரிசியின் தவிட்டிலும் முளையிலும் மிகுதி. பச்சை நெல்லை ஆலையில் வெண்மையாகத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. நெல்லை முன்னரே புழுக்கினாலோ, சத்தில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் ஊறிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. நம் பாட்டிமார் புழுங்கலரிசியை விரும்பியதற்குக் காரணம் தெரிந்திருந்ததோ இல்லையோ, காரணம் இதுதான். இதை நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். தயமின் எவ்வாறு நீரில் கரைகிறது, உடலில் மாப்பொருள் எரிவதற்கு அது எவ்வாறு துணை நிற்கிறது என்று வகுப்பில் கேட்கும்போது வேதியியலும் உடலியங்கியலும் இன்றி ஓர் அடியும் நகர இயலாது. சமையலில் ஆர்வம் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் ஏமாறுவது இங்கேதான்.

ஆகவே விண்ணப்பத்தைத் தொடுமுன் பார்க்க வேண்டியது, முதற்பட்டத்தில் எந்தப் பாடங்கள் என்பதையே. சில கல்லூரிகள் மனையியல், உணவியல் பட்டதாரிகளை மட்டும் ஏற்கும். ஹைதராபாத் நிறுவனத்தின் பயன்பாட்டு ஊட்டச்சத்து எம்.எஸ்ஸி. வகுப்போ, விலங்கியல், உயிர்வேதியியல், செவிலியம் முதலிய பல துறைப் பட்டதாரிகளையும் ஏற்று வந்திருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, 1932இல் நிறுவப்பட்ட லேடி இர்வின் கல்லூரி, பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் வளர்த்த கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. இவற்றில் லேடி இர்வினும் அவினாசிலிங்கமும் மகளிர்க்கு உரியவை. மகனுக்காக விசாரிக்கும் பெற்றோர் இதையும் நினைவிற் கொள்க. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். சென்ற ஆண்டு சேர்ந்தவர் வாய்மொழியை நம்பாது, அவ்வாண்டின் தகவல் ஏட்டையே பார்க்க வேண்டும்.

மற்றொன்று, இப்படிப்பு இரு கிளையாகப் பிரிகிறது. ஒன்று ஊரையும் சமூகத்தையும் நோக்குவது: அங்கன்வாடி, பள்ளி மதிய உணவு, இரத்தசோகைத் தடுப்பு போன்ற பணிகளுக்கு உரியது. மற்றொன்று நோயாளியை நோக்குவது. நம் சொல்லிற் கூறினால், பத்தியம் வகுப்பது. பின்னதை விரும்புவோர், பாடத்திட்டத்தில் மருத்துவமனைப் பயிற்சி உண்டா என்று கேட்டறிய வேண்டும். பட்டமும் அப்பயிற்சியும் உடையோர் எழுதத்தக்க பதிவுத் தேர்வை இந்திய உணவியல் சங்கம் நடத்துகிறது. வெளிமாநிலங்களில் நம்மவர்க்கு இத்துறையில் தனித்தேவை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நீரிழிவு கண்ட தமிழ் மூதாட்டியிடம் 'காலையில் ரொட்டி இரண்டு' என்று எழுதிக் கொடுத்தால் அவர் என் செய்வார்? இட்லி எத்தனை என்றல்லவா அவர் கேட்பார்.

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியிற் படிக்கலாமே என்பார் உண்டு. முன்பு அவ்வழி இருந்தது. மருத்துவத் துணைப் பணிகளை ஒழுங்குபடுத்த 2021இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டத்துள் ஊட்டச்சத்துப் பணியும் அடங்கும். அதையொட்டி, தொலைநிலையிலும் இணைய வழியிலும் இப்பாடத்திற்குப் புதிதாக மாணவரைச் சேர்க்கலாகாது என்று 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. இன்றும் எவரேனும் 'வீட்டிலிருந்தபடியே பட்டம்' என்று விளம்பரம் செய்தால், பணம் கட்டுமுன் அந்த அறிவிப்பைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவும் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையே கொள்கின்றன. பட்ட வகுப்பில் சேர்வதற்கான பொதுத் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதுநிலைத் தேர்விலோ, மொழிப் பாடங்கள் நீங்கலாக, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. எந்தத் துறைக்கு எந்த வினாத்தாள் என்பதைத் தேர்வு நடத்துவோர் ஏட்டில் மட்டுமன்றி, சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் ஏட்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தவறான வினாத்தாளைத் தேர்ந்தால் முதல் மதிப்பெண் பெற்றாலும் பயனில்லை.

இனி, ஊர்விட்டு வந்த நம்மை மிகுதியும் அலைக்கழிப்பது சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்டோர்க்குத் தமிழக அரசின் பட்டியல் வேறு. மத்திய அரசின் பட்டியல் வேறு. முன்னதில் உள்ள பிரிவெல்லாம் பின்னதில் இல்லை. மாநிலச் சான்றிதழைக் காட்டினால் மத்திய நிறுவனங்கள் ஏற்பதில்லை. மத்திய அரசின் படிவத்தில், வசதி வரம்புக்கு உட்பட்டவர் என்ற குறிப்போடு, பெரும்பாலும் அவ்வாண்டிலேயே பெற்றதாக இருக்க வேண்டும். ஊரிலுள்ள வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைப் பெற வாரங்கள் ஆகலாம். தேர்வு முடிவு வந்தபின் இரயிலேறுவோர் பலர் இடத்தை இழக்கின்றனர். பட்டியல் சாதியினர்க்கு வேறொரு நுட்பம் உண்டு. குடிபெயர்ந்து சென்ற மாநிலத்தின் கல்லூரிகளில், பிறந்த மாநிலத்துப் பட்டியலைக் கொண்டு ஒதுக்கீடு கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் நிறுவனங்களில் அத்தடை இல்லை. விண்ணப்பிக்கும் கல்லூரி எவருடையது என்று அறிவது இதனாலேயே இன்றியமையாதது.

எங்கள் குடியிருப்புப் பெண் மறு ஆண்டு, விலங்கியல் பட்டதாரிகளை ஏற்கும் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். இம்முறை தகவல் ஏட்டை அவளும் நானும் தனித்தனியே படித்தோம். அப்போதும் ஓர் இடர் வந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவள் பெயருக்கு முன் தந்தையின் தலையெழுத்து மட்டும் இருந்தது. ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் பின்னால் ஒட்டியிருந்தது. கணினிப் படிவமோ குடும்பப் பெயர் எது என்று கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளவாறே எங்கும் எழுதுவது என்று முடிவு செய்து, ஆதாரை அதற்கேற்பத் திருத்தி வாங்க மூன்று வாரங்கள் ஆயின. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு நான்கு நாள்கள் எஞ்சியிருந்தன.