இரண்டாகப் பிரிந்த விசைப்பலகை: தமிழ்த் தட்டச்சாளருக்கு ஏற்றது எது?

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி நகரிலும் தட்டச்சுப் பயிலகம் இல்லாத பகுதி குறைவு. ‘ய, ள, ன, க’ என்று இடக்கை விரல்களுக்கு முதல் பாடம் படித்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வில் தேறி, அந்தச் சான்றிதழைக் கொண்டே வேலை பெற்றவர்கள் தாமிரபரணிக் கரையெங்கும் பல ஆயிரம் பேர். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றங்கள், தாலுகா அலுவலகங்கள், பத்திரம் எழுதும் கடைகள், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் மென்பொருள் நிறுவனம் என எங்கும் இன்று விரல்கள்தாம் வேலை செய்கின்றன. அந்த விரல்கள் மரத்துப்போனால் பிழைப்பும் தடைப்படும்.

ஆகவேதான், நடுவில் இரண்டாகப் பிரிந்த ‘கைக்கு இசைந்த’ விசைப்பலகைகள் பற்றிப் பலரும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இவற்றின் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல்லாயிரம் வரை போகிறது. வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? தமிழில் தட்டச்சு செய்பவருக்கு இதில் தனியாக ஒரு கவனம் தேவை. அது என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு சிறு சோதனை

உங்கள் கைகளைத் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கவிடுங்கள். பிறகு முழங்கையை மட்டும் மடக்கி, முன்கைகளை மேசைமேல் நீட்டுங்கள். இரு கைகளும் தோள் அகலத்தில் விலகி நிற்கின்றன. உள்ளங்கைகள் ஒன்றையொன்று ஓரளவு பார்த்தபடி இருக்கின்றன. இதுதான் கைகளின் இயல்பான நிலை.

இப்போது அதே கைகளைச் சாதாரண விசைப்பலகையின் மேல் வையுங்கள். மூன்று மாற்றங்கள் நிகழ்வதைக் கவனியுங்கள். இரு முன்கைகளும் உள்நோக்கிச் சாய்கின்றன. விரல்கள் விசைகளுக்கு நேராக நிற்க வேண்டும் என்பதற்காக, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைகிறது. உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி முன்கை முறுக்கிக்கொள்கிறது. பலகையின் பின்னாலுள்ள சிறு கால்களை விரித்து வைத்திருந்தால், மணிக்கட்டு மேல்நோக்கியும் மடங்கும்.

இவற்றால் என்ன தீங்கு? மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் ஒரு தடித்த தசைநாரும் சேர்ந்து குறுகிய சுரங்கம் ஒன்றை அமைக்கின்றன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதற்குள்தான் செல்கின்றன. மணிக்கட்டு வளைந்த நிலையில் இருந்தால் அந்தச் சுரங்கத்தினுள் அழுத்தம் கூடுகிறது. ஒரு நிமிடம் அப்படி இருந்தால் ஒன்றும் நேராது. நாள்தோறும் பல மணி நேரம், பல ஆண்டுகள் அப்படி இருப்பதுதான் கவலைக்குரியது.

பலகை ஏன் இப்படி அமைந்தது?

அமெரிக்கரான ஷோல்ஸ் தம் கூட்டாளிகளுடன் 1868-இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் அப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விசைக்கும் அடியிலிருந்து ஒரு நெம்புகோல் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நெம்புகோல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காக, ஒவ்வொரு வரிசையையும் சற்றுத் தள்ளி அமைத்தார்கள். இன்றைய கணிப்பொறிப் பலகையில் நெம்புகோல் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சாய்ந்த வரிசைகள் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டன.

யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது, 247 எழுத்துகளையும் தனித்தனி விசையில் வைக்க முடியாது என்பதால், கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகளைப் பிரித்துச் சேர்க்கும் முறையைக் கையாண்டார். எழுத்தமைப்பு தமிழுக்குத் தக்கபடி மாறியது. பலகையின் உருவம் மாறவில்லை.

பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு நன்மை இருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் கையை எடுத்து உருளையைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை மாற்ற வேண்டும். தவறு நேர்ந்தால் நிறுத்தித் திருத்த வேண்டும். இவை யாவும் கைகளுக்குச் சிறு ஓய்வுகள். கணிப்பொறி இந்த ஓய்வுகளைப் பறித்துக்கொண்டது.

பிரித்தால் பயன் உண்டா?

பலகையை இரண்டாகப் பிரிக்கும் யோசனை புதிதன்று. ஜெர்மனியில் கிளோக்கன்பெர்க் என்பவர் 1926-இலேயே இதை எழுதினார். 1972-இல் கிரோமர் என்ற ஆய்வாளர் இதை மீண்டும் வலியுறுத்தினார். 1994-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் நடுவில் பிளந்த பலகை ஒன்றை வெளியிட்ட பின்னரே பொதுமக்கள் இதைப் பரவலாக அறிந்தனர்.

1999-இல் அமெரிக்காவில் 90 அலுவலகத் தட்டச்சாளர்களின் கைகளை அளந்து பார்த்தார்கள். சாதாரணப் பலகையில் மணிக்கட்டு சராசரியாக 12 பாகை வளைந்திருந்தது. பிரிந்த பலகைகளில் அது நேர்நிலைக்கு 5 பாகைக்குள் வந்தது. ஆகவே, பிரிந்த பலகை மணிக்கட்டை நேராக்குகிறது என்பதில் ஐயமில்லை.

வலி நீங்குமா என்பது வேறு கேள்வி. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், கைவலி உள்ள 80 பேர் நான்கு வகைப் பலகைகளை ஆறு மாதம் பயன்படுத்தினர். பிரிந்த பலகைகளில் ஒரு வகையைப் பயன்படுத்தியவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் மருத்துவப் பரிசோதனையில் அதற்கு ஈடான முன்னேற்றம் தெரியவில்லை. எனவே, பிரிந்த பலகையை மருந்தாக எண்ணாதீர்கள். நல்ல நாற்காலியைப் போன்ற ஒரு கருவியாக மட்டும் எண்ணுங்கள்.

‘மெக்கானிக்கல்’ என்றால் என்ன?

மலிவான பலகைகளில் விசைகளுக்கு அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். விசையை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து பதியும். மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்சும் சுருள்வில்லும் உண்டு. பெரும்பாலான சுவிட்சுகளில் விசை 4 மில்லிமீட்டர் கீழே செல்லும். 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடும். பழகிய விரல் அடிவரை இடிக்காமல் திரும்பிவிடலாம்.

சுவிட்சுகளை நிறத்தால் குறிப்பிடுவார்கள். செர்ரி நிறுவனத்தின் சிவப்பு சுவிட்சு ஏறத்தாழ 45 கிராம் அழுத்தத்தில் இயங்கும். பழுப்பு 55 கிராம். எழுத்து பதியும்போது விரலுக்கு ஒரு சிறு தடை தெரியும். நீலம் 60 கிராம்; ‘டக்’ என்ற ஓசையும் எழும். பயிலகத்து ஓசையில் வளர்ந்தவர்களுக்கு நீலம் பிடிக்கலாம்; பக்கத்து மேசைக்காரருக்குப் பிடிக்காது. பலர் கூடிய அலுவலகத்துக்குச் சிவப்பும் பழுப்புமே ஏற்றவை.

இதை நீங்களே அளக்கலாம். விசையின்மேல் ஒரு சிறு அழிப்பான் துண்டை வைத்து, அதன்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். 2011 வரிசையின் ஐந்து ரூபாய் நாணயம் 6 கிராம் எடை கொண்டது. எட்டு நாணயங்களுக்குள் எழுத்து பதிந்தால் அது இலகுவான சுவிட்சு.

தமிழுக்கு உரிய கவனம்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு தரப்படுத்திய ‘தமிழ் 99’ அமைப்பை எடுத்துக்கொள்வோம். இதில் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் புள்ளியும் இடக்கைப் பக்கம் உள்ளன. மெய்யெழுத்துகள் பதினெட்டில் வகரமும் ஙகரமும் போக, மற்றப் பதினாறும் வலக்கைப் பக்கம் உள்ளன.

‘நெல்லை’ என்ற சொல்லைப் பாருங்கள். ந, எ, ல, ல, ஐ என்று ஐந்து தட்டுகள் போதும். இரட்டித்த லகரத்துக்குப் புள்ளி தானே விழும். வலம், இடம், வலம், வலம், இடம் என்று கைகள் மாறி மாறி இயங்குகின்றன. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்று ஏற்கெனவே பிரிந்திருக்கும் இந்த அமைப்புக்குப் பிரிந்த பலகை நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் அலுவலகங்களில் நாள்தோறும் அடிக்கும் ‘சான்றிதழ்’ என்ற சொல்லைப் பாருங்கள். ச, ஆ, ன, ற, இ, த, ழ, புள்ளி என எட்டுத் தட்டுகள். வலக்கைக்கு ஐந்து, இடக்கைக்கு மூன்று. வலக்கையின் ஐந்தில் சகரமும் ழகரமும் சுண்டுவிரலுக்கு உரியவை. ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு மெய்களும் வலக்கைச் சுண்டுவிரலின் பொறுப்பு! மிகவும் வலுக்குறைந்த விரலுக்கு இவ்வளவு சுமை. இடப்பக்கம் உள்ள ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவற்றை அடிக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்துவதும் அதே விரல்தான்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. பிரிந்த பலகைகளில் பல மிகச் சிறியவை. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு இடம் விட்டு, ஓரத்து விசைகளை நீக்கிவிடுகிறார்கள். 42 விசைகள் மட்டும் கொண்ட பலகைகளும் உண்டு. அப்படி நீக்கப்படுவனவற்றில் முதலில் போவது, ஆங்கில ‘பி’ விசைக்கு வலப்புறம் உள்ள இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அவை எப்போதோ தேவைப்படும் குறிகள். தமிழ் 99-இல் அவையே சகரமும் ஞகரமும்! அழகான சிறு பலகையை வாங்கி வந்து, ‘சான்றிதழ்’ என்ற சொல்லின் முதல் எழுத்துக்கே இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த நேர்ந்தால், சுமை குறைவதற்குப் பதிலாகக் கூடும்.

ஆகவே வாங்கும் முன் வலப்பாதியை எண்ணிப் பாருங்கள். மேல் வரிசையில் 7, நடு வரிசையில் 6, கீழ் வரிசையில் 5 விசைகள் சுண்டுவிரலுக்கு எட்டும்படி இருக்க வேண்டும். ‘7, 6, 5’ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டச்சுப் பொறி அமைப்பில் பழகியவர்களுக்கும் ஓரத்து விசைகள் தேவை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுபவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். கட்டைவிரல் வலுவானது, சாதாரணப் பலகையில் இடைவெளி விசை ஒன்றே அதன் வேலை. கட்டைவிரல்களுக்குச் சில விசைகள் உள்ள பலகையாயின், ஷிஃப்ட், அழிக்கும் விசை ஆகியவற்றை அங்கே மாற்றிச் சுண்டுவிரலுக்கு ஓய்வு தரலாம். இந்த மாற்றம் பலகையின் நினைவகத்திலேயே பதியும் வகையாக இருக்கட்டும். அலுவலகக் கணிப்பொறியில் புதிய மென்பொருள் நிறுவ எல்லாருக்கும் அனுமதி கிடைப்பதில்லை அல்லவா?

செலவில்லாத ஒத்திகை

பணம் கொடுக்கும் முன் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம். பெரும்பாலான அலுவலகங்களின் அலமாரியில் பழைய விசைப்பலகை ஒன்று கிடக்கும். அதையும் உங்கள் கணிப்பொறியில் செருகுங்கள். விண்டோஸ் இரண்டு பலகைகளையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும். ஒன்றை இடக்கைக்கும் மற்றதை வலக்கைக்கும் வைத்து, மணிக்கட்டு நேராக இருக்கும்படி இரண்டையும் சாய்த்து வையுங்கள். வலப்பலகையின் இடப்பாதியும் இடப்பலகையின் வலப்பாதியும் நடுவில் குறுக்கே நிற்கும், பொருட்படுத்தாதீர்கள். இப்படி ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். தோளும் மணிக்கட்டும் இலகுவாக இருந்தால், பிரிந்த பலகை உங்களுக்கு ஏற்றதே. வேறுபாடே தெரியாவிட்டால் பணம் மிச்சம்.

பயிலகத்தில் பத்து விரல்களாலும் பழகியவர்கள் புதிய பலகைக்கு விரைவில் பழகிவிடுவார்கள். இரண்டு விரல்களால் தேடித் தட்டுபவர்கள் முதலில் விரல் ஒழுங்கைக் கற்க வேண்டியிருக்கும். இரு சாராருக்கும் முதல் சில வாரங்களில் வேகம் குறையும். ஆகையால், வேலை நெருக்கடியான மார்ச்சு மாதத்தில் புதுப்பலகைக்கு மாறாதீர்கள். தமிழ் எழுத்து பொறித்த விசைகளும் இவற்றில் அரிது. பார்த்துத் தட்டுபவர்கள் எழுத்து ஒட்டிகளை ஒட்டிக்கொள்ளலாம்.

நம் பகுதிக்கு ஒரு குறிப்பு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று மேசையெங்கும் புழுதியைச் சேர்க்கும். விசை மூடிகளைக் கழற்றித் துடைக்க முடிகிறதா, பழுதான சுவிட்சைத் தனியாக மாற்ற முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடி வைத்தால் பலகை நெடுநாள் உழைக்கும்.

எந்தப் பலகையானாலும்

பலகையை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் சிலவற்றை இன்றே செய்யலாம். பலகையின் பின்கால்களை மடக்கிவிடுங்கள். முழங்கை உயரத்துக்குப் பலகை வரும்படி நாற்காலியை உயர்த்துங்கள். கால் தரையில் எட்டாவிட்டால் அடியில் ஒரு பலகையை வையுங்கள். தட்டும்போது மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றாதீர்கள். கணிப்பொறி பறித்துக்கொண்ட ஓய்வை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்: அரை மணிக்கு ஒருமுறை கைகளைத் தொங்கவிட்டு விரல்களை விரித்து மூடுங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய் உறக்கத்தைக் கலைத்தாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ, அது கடைக்குப் போக வேண்டிய நேரமன்று; மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். நடு நரம்பு நெருக்கப்படுவதைத் தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்துவது எளிது. ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் கட்டைவிரல் தசை மெலிந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த பலகையும் அதைத் திருப்பித் தராது.