தியூபொரோன் நினைவுப் பூங்கா

போர்களை நினைவூட்டும் சின்னங்கள் பெரும்பாலும் போரிட்ட நாட்டினராலேயே, தம் படையினருக்காக, தம் நகரங்களில் எழுப்பப்படுகின்றன. குதிரைமீது வீற்றிருக்கும் தளபதியின் சிலையும், வானளாவும் தூணும், வெற்றி வளைவும் இவ்வழக்கத்தின் வடிவங்களாம். டென்மார்க்கின் மேற்குக் கரையிலே, தியூபொரோன் என்னும் சிறிய மீன்பிடி ஊரில் உள்ள நினைவுப் பூங்கா இவ்வழக்கத்தினின்றும் வேறுபட்டது. அதனை அமைத்தவர்கள் அப்போரில் ஈடுபட்ட நாட்டினரல்லர். அங்கே நினைக்கப்படுவோரும் ஒரு நாட்டினர் மட்டுமல்லர்.

யட்லாந்துக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே, வடகடலும் லிம்பியோர்ட் என்னும் உள்நாட்டு நீர்ப்பரப்பும் கூடுமிடத்தில், ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. இங்கு வாழ்வோர் ஏறக்குறைய 2,000 பேரே. மேல்காற்றும் கடலரிப்பும் இவர்களின் பழம்பகைவர். கடலுள் நீண்டு செல்லும் அலைதடுப்பு அணைகளே ஊரைக் காத்து நிற்கின்றன.

இக்கரைக்கு அப்பால், மேற்கே விரிந்த கடலில், 1916ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி பிற்பகல் முதல் மறுநாள் விடியும்வரை யட்லாந்துக் கடற்போர் நிகழ்ந்தது. ஜெலிக்கோவின் தலைமையில் வந்த பிரித்தானியக் கப்பல்கள் 151; ஷேரின் தலைமையில் வந்த ஜேர்மானியக் கப்பல்கள் 99. முதலாம் உலகப் போரில் இதனிலும் பெரிய கடற்போர் வேறில்லை.

அப்போரில் டென்மார்க் நடுநிலை வகித்தது. ஆயினும் இரு படைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்வதற்கு ஏதுவாயிருந்தது ஒரு டேனிய வணிகக் கப்பலே. என். ஜே. பியோர்ட் என்னும் அந்நீராவிக் கப்பலைச் சோதிப்பதற்கு இரு திசைகளிலிருந்தும் வந்த முன்னணிக் கப்பல்கள், எதிரி அருகில் இருப்பதை அங்கேதான் அறிந்தன. சண்டையில் சேராத நாட்டின் கப்பலை முன்னிட்டே சண்டை மூண்டது எனலாம்.

போர் முடிந்தபோது 25 கப்பல்கள் கடலடியில் கிடந்தன. அவற்றுள் 14 பிரித்தானியருடையவை, 11 ஜேர்மானியருடையவை. மாண்டோர் தொகை 8,645. பிரித்தானியர் 6,094 பேர். ஜேர்மானியர் 2,551 பேர். வெற்றி யாருடையது என்ற வாதம் உடனே எழுந்தது. எதிரிக்கு விளைத்த சேதமே மிகுதி என்று ஜேர்மனி கூறியது; கடலின் ஆதிக்கம் தன் கையை விட்டுப் போகவில்லை என்று பிரித்தானியா கூறியது. வரலாற்றாசிரியர் நெடுங்காலம் இவ்வாதத்திலே ஈடுபட்டிருந்தனர். தியூபொரோன் பூங்கா இவ்வினாவினுள் புகவேயில்லை. அது எழுப்பும் வினா ஒன்றே: இறந்தவர் எத்தனை பேர்?

போல் செடர்டோர்ப் என்னும் டேனியச் சிற்பி உருவாக்கிய இப்பூங்கா, போர் நிகழ்ந்து நூறாண்டு நிறைந்த 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கடலோர மணற்குன்றுகளின் நடுவே 26 கருங்கற் பாறைகள் நிற்கின்றன. மூன்றரை மீற்றர் வரை உயர்ந்த இவை, நீரில் அமிழும் கப்பலின் முன்முனை மேல்நோக்கி நிற்பது போலச் செதுக்கப்பட்டுள்ளன. மூழ்கிய ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கல்லாக 25 கற்கள் உள. எஞ்சிய ஒன்று, மூழ்காது தப்பிய கப்பல்களில் உயிரிழந்தோருக்குரியது. கப்பல் கரைசேர்ந்தது என்பதனால் அதிலே மாண்டவன் கணக்கில் விடுபடுதல் ஆகாது என்பது இதன் கருத்து.

கற்களைச் சூழ்ந்து வெண்ணிற மனித உருவங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. மாண்டவர் ஒருவருக்கு ஓர் உருவம் என்பதே திட்டம். உருவங்கள் ஒரே நாளில் நிறுத்தப்பட்டவையல்ல. பூங்கா திறக்கப்பட்டபின் படிப்படியாகச் சேர்க்கப்பட்டவை. ஒவ்வொன்றும் 1.2 மீற்றர் உயரமே உடையது. ஏழு வயதுக் குழந்தையின் உயரம் அது. பெருஞ்சிலைகளை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண், இங்கே தலை தாழ்ந்தே பார்க்க வேண்டியிருக்கின்றது.

எண் உருவமாகும்போது பொருள் மாறுகின்றது. குயீன் மேரி என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் வெடிமருந்து தீப்பற்றிக் கப்பல் பிளந்தபோது 1,266 பேர் இறந்தனர். எல்பிங் என்னும் ஜேர்மானியக் கப்பலில் இறந்தோர் நால்வர். ஏட்டிலே இவ்விரண்டும் அடுத்தடுத்த இரு வரிகள். மணல்மேட்டிலோ, ஒரு கல்லுக்குரியது பெருங்கூட்டம். மற்றொன்றுக்குரியது நான்கே உருவங்கள். எனினும் அந்நால்வரும் கூட்டத்தில் மறைந்து போகாது தனித்து நிற்பர். வீஸ்பாடன் என்னும் ஜேர்மானியக் கப்பலில் இருந்தோருள் உயிர்தப்பியவர் ஒருவரே என்பதையும் பார்வையாளர் இங்கே நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

மாண்டோரை நினைக்கும் வேறு முறைகளும் உண்டு. பிரித்தானியாவில் போட்ஸ்மவுத், பிளிமவுத், சற்றம் ஆகிய துறைமுகங்களில், கடலிலே உடல் மறைந்தோரின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஜேர்மனியில் கீல் நகரத்தை அடுத்த லபோவிலே உயர்ந்த கோபுரம் ஒன்று நிற்கின்றது. தன் நாட்டு ஜேர்மானியக் கடற்படையினருக்காக எழுப்பப்பட்ட அது, பிற்காலத்தில் எல்லா நாட்டுக் கடலோடிகளுக்கும் உரியதாக்கப்பட்டது. தியூபொரோனில் அப்பொதுமை தொடக்கத்திலேயே உள்ளது.

பூங்காவைக் காணச் செல்வோர் முதலில் அருகிலுள்ள கடற்போர் அருங்காட்சியகத்தைப் பார்ப்பது நலம். 2015இல் திறக்கப்பட்ட அதிலே, வடகடலின் அடியிலிருந்து எடுத்த பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டபின் கற்களிடையே நடப்பவருக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு கப்பலாகவே தோன்றும்.

மெய்யான கல்லறைகள் கடலடியிலே உள. மூழ்கிய 14 பிரித்தானியக் கப்பல்களும் 2006ஆம் ஆண்டில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. அலையோடு ஒதுங்கிய உடல்கள் சில டென்மார்க், நோர்வே, சுவீடன் நாடுகளின் கரைகளிலே அடக்கஞ் செய்யப்பட்டன. கரையில் ஒதுங்கிய உடலை எடுத்துப் புதைத்தவன், அது எந்நாட்டான் உடல் என்று பார்த்து இரங்கியவனல்லன். அந்த நடுநிலையாளனின் இரக்கத்துக்கே தியூபொரோன் பூங்கா கல்லில் வடிவம் தந்துள்ளது. வென்றவர் யார் என்பதில் இரு நாடுகளும் உடன்படாமல் இருக்கலாம். இழந்தவர் யார் என்பதில் அங்கே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.