பனியில்லா மாதங்களின் பணி

பருவம் என்னும் சொல்லை நாம் விளைவோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டோம். உழவனுக்கு அறுவடையும், வலைஞனுக்கு மீன்பாடும், கோயிலுக்குத் திருவிழாவுமே பருவங்களாகத் தோன்றுகின்றன. ஆயின் அவற்றிற்கு இடையே கிடக்கும் வெறுமையான மாதங்களே அப்பயன்களைத் தாங்கி நிற்கின்றன. பெரும்போக விதைப்பிற்கு முன் வாய்க்காலைத் துப்புரவு செய்யாத வட்டை, மாரி பொழிந்தபின் படும் பாட்டைக் கல்முனைப் பகுதியினர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வுண்மையை நம் வயல்களில் மட்டுமன்றி, வெண்பனி மூடும் இமயச் சாரலிலும் காணலாம். உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில் ஔலி என்னும் இடம் உண்டு. பலகைகளைக் காலிற் பூட்டிப் பனிச்சரிவிலே வழுக்கிச் செல்லும் விளையாட்டிற்குரிய சிறிய களம் அது. இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். ஏறத்தாழ அவ்வுயரத்திலேதான் ஔலியின் சரிவுகள் தொடங்கி, 3,000 மீற்றர் அளவும் மேலேறுகின்றன.

ஔலிக்குக் கீழே அமைந்த நகரம் ஜோஷிமடம். ஆதிசங்கரர் நிறுவியனவாகப் போற்றப்படும் நான்கு மடங்களுள் ஒன்றாகிய சோதிர்மடம் இங்குளது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுவே என வைணவப் பெரியோர் கொள்வர். பாண்டுவின் பெயர் தாங்கிய பாண்டுகேசுவரம், இந்நகரிலிருந்து பத்திரிநாதம் செல்லும் வழியில் உள்ளது. ஆண்டுதோறும் திரௌபதை அம்மன் கோயிலிலே பாண்டவரின் வனவாசத்தைக் கண்டு உருகி, தீப்பள்ளயத்திலே தீ மிதிக்கும் பாண்டிருப்பு மக்களுக்கு அம்மலைவழி முற்றும் அயலானதன்று.

குளிர்காலத்திலே பத்திரிநாதர் கோயிலின் கதவு அடைக்கப்படும். வழிபாடு ஜோஷிமடத்து நரசிங்கர் கோயிலிலே தொடரும். யாத்திரிகர் கூட்டம் ஓயும் அவ்வேளையிலேதான் ஔலியிற் பனி விழுந்து சறுக்குவோர் கூட்டம் சேரும். ஒன்றின் ஓய்வு மற்றொன்றின் பருவமாகிறது. எனவே, இவ்விரண்டையும் தாங்கும் மலைக்கு ஓய்வு எப்போது என்னும் வினா எழுகின்றது.

பனி உருகியபின் எந்தச் சறுக்குக் களத்திலும் வேலை மிகுதி. கம்பிவடத்தின் உருளைகளைக் கழற்றிச் சோதித்தல், சரிவிலே துருத்தும் கற்களை அகற்றுதல், மண் அரித்த இடத்திற் புல் விதைத்தல், மழைநீர் ஒதுங்க வடிகால் வெட்டுதல் ஆகிய யாவும் கோடைக்குள் முடிதல் வேண்டும். ஔலிக்கு இவற்றோடு மற்றொரு சுமையும் உண்டு. இயற்கைப் பனி பொய்க்கும் ஆண்டுகளில் உதவ, அங்கே மலைமேல் ஒரு செயற்கைக் குளம் அமைத்துள்ளனர். அக்குளத்து நீரை அழுத்தப்பட்ட காற்றோடு கலந்து பொறிகள் மேலே பீச்சும். வெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்கிய இரவுகளில் அந்நுண்டுளிகள் காற்றிலேயே உறைந்து பனியாய் உதிரும். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டு விழாவை ஔலி ஏற்று நடாத்தியது. அதன்பொருட்டு இத்தகைய வசதிகள் பெருகின.

வசதி பெருகியது நன்றே. எனினும், அவை எந்நிலத்தின்மேல் எழுந்தன? ஜோஷிமட நகரம் திண்ணிய பாறைமேல் நிற்கவில்லை. பண்டை நிலச்சரிவு கொணர்ந்து குவித்த மண்ணும் கல்லும் கலந்த மேட்டின்மேல் நிற்கின்றது. இதனை 1976 இலேயே மிஸ்ரா குழு எடுத்துரைத்தது. பாரிய கட்டடங்களைத் தவிர்க்க, சரிவிலுள்ள பெருங்கற்களைத் தோண்டவோ வெடிவைத்துப் பெயர்க்கவோ ஒழிக, மரங்களை வெட்டற்க, நீர் நிலத்துட் புகாவண்ணம் வடிகால் அமைக்க என அக்குழு அறிவுறுத்தியது. அடுத்த 40 ஆண்டுகளுக்கு மேலாக விடுதிகளும் வீதிகளும் வளர்ந்தன. வடிகால் அவற்றிற்கு ஈடாக வளரவில்லை.

2019 ஜூனில், பனியில்லாப் பருவத்திலே, ஔலியின் புல்வெளியில் இரு செல்வக் குடும்பத் திருமணங்கள் ஆடம்பரமாக நிகழ்ந்தன. அதனால் விளையத்தக்க கேடு குறித்து வழக்கெழ, உத்தராகண்ட உயர்நீதிமன்றம் 3 கோடி ரூபா வைப்பிலிடுமாறு பணித்தது. விழா முடிந்தபின் குப்பை குவியல் குவியலாய் எஞ்சியது. சறுக்குவோர் இல்லாத வேளையை நிலம் ஆறும் வேளையாகக் கருதாது, வாடகைக்கு விடும் வேளையாகக் கருதினமையின் விளைவு இது.

2023 ஜனவரியில் ஜோஷிமடத்தின் நிலம் தாழ்ந்தது. எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் வெடிப்புற்றன. குடும்பங்கள் கொட்டும் குளிரில் வீடு விட்டு வெளியேறின. நகரையும் ஔலியையும் இணைக்கும், ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமுள்ள கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டது. பனி இருந்தும் ஏறுவழி இல்லையாயிற்று. ஆயிரம் பொறிகள் மேலே நின்றென்ன? கீழே கசிந்த நீரைக் கேட்பாரில்லையாயின், மேலே பொழியும் பனியாற் பயனென்னை?

ஓய்வுக்காலத் திருத்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வடிகால், அடுத்துப் புல்லும் மரமும், அதன்பின் குழாயும் வடமும், இறுதியிலேதான் விடுதியும் விளக்கும். கண்ணுக்குத் தெரிவதை முன்வைத்துத் தெரியாததைப் பின்தள்ளினால் வரிசை தலைகீழாகும்.

இது இமயத்திற்கு மட்டும் உரிய பாடமன்று. நம் அம்பாறை மாவட்டத்து அறுகம்பையிலும் அலைச்சறுக்குக்கெனச் சித்திரை தொடங்கிச் சில மாதங்கள் வெளிநாட்டார் குவிகின்றனர். மாரி வந்ததும் கரை வெறிச்சோடுகின்றது. அவ்வெறுமையான மாதங்களிற் கல்லும் சீமெந்தும் கொண்டு கரையை அணுகுவோர், களப்பு நீர் கடல் சேரும் வழி யாது என முதலில் வினவுவாராக. விருந்தினர் கேளாத வினா அது. வீட்டுக்காரர் கேட்டேயாக வேண்டும்.